கருவியும் கருத்தும்

கல்வி என்பது அறிந்தாரிடமிருந்து அறியாதாரிடம் பெயர்த்து வைக்கப்படும் பொருளன்று. ஒரு குடத்து நீரை மற்றொரு குடத்தில் வார்ப்பதுபோல ஒருவர் உள்ளத்து அறிவை மற்றொருவர் உள்ளத்தில் வார்த்தல் யார்க்கும் இயலாது. கற்பவன் தானே நினைந்து, தானே ஐயுற்று, தானே தெளிந்தாலன்றிக் கற்றது அவனுக்கு உரியதாகாது. ஆசிரியர் செய்யத்தக்கது அந்நினைவு எழுதற்கேற்ற சந்தர்ப்பத்தை உண்டாக்குதலேயாம். அப்பணியில் அவர்க்குத் துணையாவன கருவிகள். மணலும் ஓலையும், கற்பலகையும் அச்சுப் புத்தகமும் முற்காலத்துக் கருவிகள். கணினியும் கைப்பேசியும் இணையமும் இக்காலத்துக் கருவிகள்.

இப்புதிய கருவிகளைப்பற்றி இருவகை அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ஒரு சாரார், இவை வந்தமையால் கல்வியின் குறைகள் யாவும் தீர்ந்தன என்று மகிழ்வர். மற்றொரு சாரார், இவை வந்தமையால் மாணாக்கர் சிந்திக்கும் ஆற்றலை இழந்தனர் என்று வருந்துவர். இரு சாராரும் கருவியையே நோக்குகின்றனர்; கருவியைக் கையிற்கொண்ட மாணாக்கன் என்செய்கின்றான் என்பதை நோக்குவார் சிலரே. ஆகவே நாம் இக்கட்டுரையில் வேறொரு வினாவை எடுத்துக்கொள்வோம்: ஒரு கருவி வகுப்பறையுட் புகும்பொழுது சிந்திக்கும் வேலை யாரைச் சேர்கின்றது? மாணாக்கனையா, ஆசிரியரையா, கருவியையா? இவ்வினாவே கருவிகளின் தகுதியை அளக்குங் கோல் என்பது நமது துணிபு.

இதற்கு விடை தேடச் சென்னையினும் ஏற்ற நகரம் அரிது. எழும்பூர் முதல் அடையாறு வரையுள்ள சில மைல் தொலைவுக்குள், கல்விக் கருவிகளைப்பற்றிய சோதனைகள் பல இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்துள்ளன. அவற்றுட் பழையன இரண்டை முதலில் நோக்கிப் பின்னர்ப் புதியனவற்றிற்கு வருவோம்.

ஸ்காத்லாந்து தேசத்தவராகிய ஆண்ட்ரூ பெல் என்னும் குருமார் 1787-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார்; 1789-இல் எழும்பூரில், படைவீரர்தம் அநாதைச் சிறுவர்க்கென நிறுவப்பெற்ற பள்ளியின் தலைமையை ஏற்றார். அங்கே இளஞ்சிறார்க்கு எழுத்தறிவித்தல் பெரும்பாடாயிருந்தது. அந்நாளில் அவர் நாட்டுப் பள்ளிக்கூடமொன்றில், பிள்ளைகள் தரையிற் பரப்பிய மணலில் விரலால் எழுத்துக்களை வரைந்து பழகுதலைக் கண்டார். தம் பள்ளியிலும் அம்முறையைக் கைக்கொள்ளுமாறு பணித்தார். உதவி ஆசிரியர் இசையாமையால், ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனையே கீழ்வகுப்பினர்க்கு ஆசானாக அமர்த்தினார். சோதனை பலித்தது. 1797-இல் அவர் இதனை விவரித்து இலண்டனில் நூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்னும் பெயரால் அஃது இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவிற்று. நம் திண்ணைப் பள்ளியின் மணல் கடல் கடந்து சென்ற வரலாறு இது.

மணலின் சிறப்பு யாது? ஓலையில் எழுத்தாணியாற் கீறிய பிழை கீறியதே; அதனை அழித்தற்கில்லை. மணலிலோ உள்ளங்கையால் ஒருமுறை தடவினாற் பிழை மறைந்துபோம். பிழைப்பதற்குச் செலவில்லை, ஆதலின் பிழைப்பதற்கு அச்சமுமில்லை. அன்றியும், வரிசையில் அமர்ந்த பிள்ளைகள் அனைவரும் ஒரே காலத்தில் எழுதுவர். ஒருவன் எழுத மற்றையோர் வாளாவிருத்தல் இல்லை. எட்டு வயது ஆசானோ, பிறர்க்குக் கற்பிக்குமுகத்தால் தான் முன்பு கற்றதை மீண்டும் செவ்வனே கற்றான். ஆயினும், பிற்காலத்தில் இம்முறையைப் பின்பற்றிய பெரும் பள்ளிகள் பலவற்றில் இஃது உருப்போட்டு ஒப்பித்தலாகத் தேய்ந்தது. மணல் அதே மணல்தான்; கற்பித்தாரது நோக்கம் மாறிற்று. ஒரு கருவி தன்னளவில் நன்மையோ தீமையோ செய்யாது என்பதற்கு இதுவே முதற் சான்று.

இரண்டாவது சோதனை அடையாற்றில் நிகழ்ந்தது. இத்தாலி நாட்டு மருத்துவரும் கல்வியறிஞருமாகிய மேரியா மாண்டிசோரி அம்மையார், பிரமஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அவர்களது அழைப்பிற்கிணங்கி 1939-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அடையாறு வந்தார். ஏறத்தாழ 300 ஆசிரியர் அவரிடம் பயிற்சி பெறக் கூடினர். அவர்கள் தங்குதற்கு ஓலைக் குடில்கள் அமைக்கப்பெற்றன. 1940-இல் இத்தாலி போரிற் புகுந்தமையால், பிரிட்டிஷ் அரசாங்கத்தார் அம்மையாரது நடமாட்டத்திற்கு வரையறை விதித்தனர். அதனால் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் அவர் நெடுங்காலம் தங்கிக் கற்பிக்க நேர்ந்தது. போர் விளைத்த அத்தடையால் நம் நாட்டு ஆசிரியர் பலர் பயனுற்றனர்.

அம்மையார் கையாண்ட கருவிகளுள் ஒன்று, பத்துக் குழிகளையுடைய மரக்கட்டை. வெவ்வேறு பருமனுள்ள பத்து உருளைகளை அவற்றிற்குரிய குழிகளில் குழந்தை பொருத்தல் வேண்டும். சிறிய உருளையொன்றைப் பெரிய குழியில் இட்டுவிட்டால், இறுதியில் ஓர் உருளை எக்குழியிலும் புகாது எஞ்சி நிற்கும். ‘நீ தவறினாய்’ என்று கூறுவார் எவருமில்லை. ‘இதுவே சரி’ என்று காட்டுவாருமில்லை. எஞ்சிய உருளையே குழந்தையை மீண்டும் ஆராயச் செய்கின்றது. பிழை உண்டு என்பதைக் கருவி உணர்த்தும். பிழை எங்கே என்பதைக் குழந்தை தேடும். சிந்திக்கும் வேலை குழந்தையினிடமே நின்றுவிடுகின்றது.

இவ்விரு சோதனைகளிலிருந்து மூன்று இலக்கணங்களை நாம் கொள்ளலாம். முதலாவது, நற்கருவி பிழையை மலிவாக்கும். மாணாக்கன் அஞ்சாது முயலலாம். இரண்டாவது, அது பிழையைப் புலப்படுத்தும். விடையைப் புலப்படுத்த விரையாது. மூன்றாவது, அது கற்பவனுக்குத் துணைவரைத் தேடித்தரும். கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்க இடங்கொடுக்கும். இனி இக்காலத்துக் கருவிகளை இவ்விலக்கணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

அடையாற்றின் தென்கரையில் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற அண்ணா நூற்றாண்டு நூலகத்தை நம் மாணாக்கர் பலரும் அறிவர். அக்கட்டடத்தில் நிலையம் அமைத்துத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையார் 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கினர். அடுத்த ஆண்டே கொரோனாத் தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, கைப்பேசியோ இணையமோ இல்லாத இல்லங்களுக்கும் பாடம் சென்றடைய அது வழியாயிற்று. அதன் நன்மையைக் குறைத்துக் கூறுதல் நன்றியன்று. ஆயினும், தொலைக்காட்சி பேசும், கேளாது. பாடத்தின் நடுவே ‘விளங்கவில்லை’ என்று பிள்ளை கூறினால் அது நில்லாது. வீட்டில் தமக்கையோ தாயோ அருகமர்ந்து வினவிய இடத்தில் அது பாடமாயிற்று. அங்ஙனம் ஒருவரும் இல்லாத இடத்தில் வெறுங் காட்சியாயிற்று.

கோட்டூர்புரத்தை அடுத்துள்ளது 1959-இல் நிறுவப்பெற்ற இந்தியத் தொழில்நுட்பக் கழகம். அக்கழகமும் அதனோடொத்த வேறு ஆறு கழகங்களும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் ஒருங்குகூடி 2003-இல் ‘என்பிடெல்’ எனச் சுருக்கமாக வழங்கும் திட்டத்தைத் தொடங்கின. பேராசிரியர்தம் விரிவுரைகளைப் படமாக்கி எவரும் விலையின்றிக் காணுமாறு செய்தலே அதன் முதல் நோக்கம். 2014 முதல் அதனோடு வாரந்தோறும் செய்யவேண்டிய பயிற்சிக் கணக்குகளும், தேர்வு நிலையத்திற்கு நேரிற் சென்று எழுதும் தேர்வும், சான்றிதழும் சேர்ந்தன. இம்மாறுதலை நம் மாணாக்கர் கருத்தில் இருத்தல் வேண்டும். விரிவுரையை மட்டும் அளித்தபொழுது கேட்பது ஒன்றே மாணாக்கன் வேலை. குறித்த நாளுக்குள் விடையெழுத வேண்டும் என்றவுடனே சிந்திப்பதும் அவன் வேலையாயிற்று. எனினும் பாடத்திற் பெயர் பதிவோர் பலராகவும் தேர்வு வரை செல்வோர் சிலராகவும் இருத்தல் கண்கூடு. தனித்துக் கற்பவன் தளர்வது இயல்பு. கல்லூரிகளில் வழிகாட்டும் ஆசிரியரும் உடன் பயிலும் தோழரும் அமைந்த இடங்களிலே இப்பாடங்கள் சிறப்புறுதற்குக் காரணம் இதுவே.

அக்கழகத்தார் 2020-இல் இணையவழியே தொடங்கிய இளநிலைப் பட்டப்படிப்பும் இவ்வகையிற் கருதற்குரியது. பெயர்பெற்ற நுழைவுத் தேர்வுக்கு ஈடாக, நான்கு வாரப் பாடங்களை முதலிற் கற்பித்து, கற்றதையே தேர்வுவைத்து மாணாக்கரை ஏற்கின்றனர். கற்கும் ஆற்றலைக் கற்பித்தே அளக்கும் இம்முறை, பல ஆயிரவரை ஒரே காலத்தில் கற்பிக்க வல்ல கருவியின்றி இயலாது.

இனிச் சாதாரண வகுப்பறையுட் புகுவோம். மயிலாப்பூரிலாயினும் தியாகராய நகரிலாயினும் ஒரு பள்ளியில் வடிவியற் பாடம் நடப்பதாகக் கொள்வோம். 2001-இல் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பார் ஆஸ்திரியா நாட்டில் ஆக்கத் தொடங்கிய ‘ஜியோஜீப்ரா’ என்னும் மென்பொருளைக் கொண்டு செய்யத்தக்க இணையச் செயல்பாடுகள் நம் மாநிலத்துக் கணிதப் பாடநூல்களிலும் இடம்பெற்றுள்ளன. ஒரு முக்கோணத்தை வரைந்து, அதன் பக்கங்களுக்கு மையக்குத்துக்கோடுகள் வரைந்தால், அவை மூன்றும் சுற்றுவட்ட மையத்திற் கூடும். திரையில் முக்கோணத்தின் ஒரு முனையைப் பற்றி இழுத்தால் மையமும் உடன் நகரும்.

இக்கருவியை இருவகையாகப் பயன்படுத்தலாம். ஆசிரியர் தாமே முனையை இழுத்துக் காட்ட, மாணாக்கர் வியந்து நோக்கி, ‘விரிகோண முக்கோணத்தில் மையம் வெளியே அமையும்’ என்று எழுதிக்கொள்வது ஒருவகை. இதில் இழுப்பவர் ஆசிரியர், கணக்கிடுவது கணினி. மாணாக்கனுக்கு எஞ்சியது படியெடுக்கும் வேலையே. மற்றொரு வகையில், ஆசிரியர் திரையைத் தொடுமுன், ‘இக்கோணம் பெருகப் பெருக மையம் எங்கே செல்லும்? உங்கள் கருத்தை எழுதுங்கள்’ என்பார். ஒவ்வொருவனும் தன் துணிபை ஏட்டில் எழுதியபின்னரே முனை நகரும். குறுங்கோணத்தில் மையம் உள்ளே நிற்கும்; செங்கோணம் வந்தவுடன் கர்ணத்தின் நடுப்புள்ளியிற் போய் அமரும்; விரிகோணத்தில் வெளியே சென்றுவிடும். தன் எழுத்து பொய்த்தது கண்டவன் ‘ஏன்?’ என்று கேளாதிரான். கர்ணமே அவ்வட்டத்தின் விட்டமாதலை, அரைவட்டத்துக் கோணம் செங்கோணம் என்னும் உண்மையோடு இயைத்துக் காண்பான். ஆயிரம் முக்கோணங்களைத் திரை காட்டினும் அது நிரூபணமாகாது. நிரூபணம் வேண்டும் என்னும் வேட்கையை அது எழுப்பும். பாடமும் கருவியும் ஒன்றே. வேறுபட்டது இழுப்பதற்கு முன் எழுதிய அவ்வொரு வரி.

மற்றோர் உதாரணம். 2015-ஆம் ஆண்டு நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் 1049 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. 1918-ஆம் ஆண்டு நவம்பரில் பதிவான 1088 மில்லிமீட்டருக்குப்பின் அம்மாதத்தில் அத்துணை மழை பெய்ததில்லை. டிசம்பர் முதல் இரண்டு நாட்களில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய இடங்களை மூழ்கடித்தது. மழை அளவுகளைக் கணினியின் விரிதாளில் இட்டால், சராசரியும் வரைபடமும் நொடியில் வந்துவிடும். முன்னர் ஒரு மணி நேரம் கோடிழுத்துக் கழிந்த காலம் இப்போது வினவுதற்குக் கிடைக்கின்றது. பல்லாண்டுச் சராசரி நமக்கு எதனைக் கூறுகின்றது, எதனை மறைக்கின்றது? வெள்ளத்திற்குக் காரணம் ஒரு நாள் மழையா, முன்னரே நிறைந்திருந்த ஏரிகளா, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரா, ஆற்றங்கரையிற் பெருகிய கட்டடங்களா? இவற்றுள் எவற்றை இவ்வெண்கள் கொண்டு நிறுவலாம், எவற்றிற்கு வேறு சான்று தேடவேண்டும்? எண்ணைக் கூட்டுவது கணினி. எண் எதற்குச் சான்றாகும் என்று தீர்ப்பது மாணாக்கன். தன் வீட்டுச் சுவரில் வெள்ளக்கறையைக் கண்ட பிள்ளைக்கு இப்பாடம் புத்தகப் பாடமாக மட்டும் நின்றுவிடாது.

கற்றலை ஆராய்ந்த அறிஞரின் முடிபுகளும் இதனோடு ஒத்துள்ளன. அமெரிக்க நாட்டு உளவியலார் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணாக்கரையும், ஒருமுறை படித்துப் பின் நூலை மூடி நினைவிலிருந்து எழுதிப்பார்த்த மாணாக்கரையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடத்திற்குப்பின் சோதித்தபோது திரும்பப் படித்தவரே மேம்பட்டு நின்றனர். ஒரு வாரத்திற்குப்பின் சோதித்தபோதோ எழுதிப்பார்த்தவரே மிகுதியும் நினைவுகூர்ந்தனர். ஆகவே சிறு வினாக்களை விடுத்து உடனே திருத்தித் தரும் மென்பொருள்கள் பயனுடையன. ஒரே விரிவுரையை நான்குமுறை ஓடவிட்டுக் கண்டிருத்தல் கற்றதுபோன்ற மயக்கத்தையே தரும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மாஜூர் 1991 முதல் கையாண்டுவரும் முறையும் அறியத்தக்கது. அவர் வகுப்பின் நடுவே ஒரு வினாவை விடுப்பார். ஒவ்வொருவரும் தனித்துச் சிந்தித்து விடை தெரிவிப்பர். பின்னர் அருகிலிருப்பவரோடு வாதித்து, மீண்டும் விடை தெரிவிப்பர். விடைகளைத் திரட்டுதற்கு இப்போது மின்கருவிகள் உள. ஆயின் அங்கே கற்பிப்பது அக்கருவியன்று, பக்கத்திலிருக்கும் தோழனே. எழும்பூரில் ஓர் எட்டு வயதுச் சிறுவன் செய்த தொண்டினை ஹார்வர்டு மாணாக்கர் தம்முள் ஒருவர்க்கொருவர் செய்துகொள்கின்றனர்.

சிந்தனைக்குத் துணைசெய்வதற்கும் மேலாகச் சிந்தனைக்கு வாயிலாகவே அமைந்த கருவியும் நம்மிடையே தோன்றியுள்ளது. மூளை முடக்குவாதம் முதலிய குறைகளால் வாய் பேசவியலாத பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் வித்யாசாகர் என்னும் நிறுவனம் 1985-இல் தொடங்கிக் கோட்டூர்புரத்தில் நடைபெற்று வருகின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற அஜித் நாராயணன், அந்நிறுவனத்தாரோடு கலந்து ‘ஆவாஸ்’ என்னும் கருவியை உருவாக்கினார். பிள்ளை படங்களைத் தொட்டுச் சொற்களைத் தேர்ந்தெடுக்க, கருவி அவற்றை வாக்கியமாக்கி உரக்கப் பேசும். அதற்கு 2010-இல் தேசிய விருது வழங்கப்பெற்றது. பேசாத பிள்ளையைச் சிந்தியாத பிள்ளை என்று உலகம் எளிதிற் கருதிவிடும். அப்பிள்ளை முதன்முறையாகத் தன் ஆசிரியரிடம் ஒரு வினாவைத் தானே கேட்கும்போது, குறை எங்கிருந்தது என்பது நமக்கு விளங்கும். உள்ளத்தில் இருந்த கருத்துக்கு வழியில்லாதிருந்தது. வழி திறந்தது கருவி. நடந்தது பிள்ளையின் கருத்தே.

இதற்கு நேர்மாறான ஆபத்து ஒன்றும் உண்டு. 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தது முதல், கேட்டவுடன் கட்டுரை வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மாணாக்கர் கைக்கு எட்டியுள்ளன. எழுதுதல் என்பது முடிந்த கருத்தைத் தாளில் இறக்கி வைத்தல் மட்டுமன்று. எழுத எழுதவே கருத்து உருப்பெறுகின்றது. எழுதும் வேலையைப் பிறிதொன்றிடம் விட்டவன், கருத்து உருப்பெறும் இடத்தையே விட்டவனாகின்றான். அன்றியும் இக்கருவிகள் பொய்யையும் மெய்யைப்போலவே தயக்கமின்றிக் கூறும். மெய்யறிந்தவனே அப்பொய்யைக் காண்பான். ஆயினும் இவற்றை முற்றும் விலக்குக என்பது நம் கருத்தன்று. முதலில் தானே ஒரு கட்டுரை எழுதி, அதன்மேல் தடைகளை எழுப்புமாறு கருவியைக் கேட்டு, அத்தடைகளுக்குத் தானே விடை காண்பானாயின், அது வாதிடும் தோழனாகும். மயிலைத் தெப்பக்குளத்தைப்பற்றி அது எழுதியதை நேரிற் சென்றும் நூலகத்தில் தேடியும் சோதித்துப் பிழை திருத்துமாறு ஒரு வகுப்பைப் பணிக்கலாம். அப்போதும் சிந்திக்கும் வேலை மாணாக்கனையே சேரும்.

வேறொரு குறையும் நம் கவலைக்குரியது. இந்தியக் கிராமப்புறங்களில் எடுக்கப்பெற்ற ‘ஏசர்’ கணக்கெடுப்பின்படி, பள்ளிப் பிள்ளைகளுள் திறன்பேசியுள்ள வீட்டினர் 2018-இல் நூற்றுக்கு 36.5, 2021-இல் நூற்றுக்கு 67.6. பெருக்கம் பெரிதே. ஆயினும் வீட்டில் ஒன்று இருத்தல் வேறு, பிள்ளைக்கு அது கிடைத்தல் வேறு. தந்தையோடு காலையில் வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் கைப்பேசியால் பகற்பாடம் படித்தல் எங்ஙனம்? உடன்பிறந்தார் மூவர்க்கு ஒன்றாயின் முறை யாருடையது? இந்நிலை கிராமத்திற்கு மட்டும் உரியதன்று. மாடமாளிகைகள் நிறைந்த நம் நகரத்தின் சந்துகளிலும் இதனைக் காணலாம். இதனைக் கருதாது ‘இணையத்தில் உள்ளது, பார்த்துக்கொள்க’ என்று கூறும் வகுப்பில், சிலர் கற்பர். சிலர் வாயிலில் நிற்பர்.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் ஒரு கருவியை வகுப்புக்குக் கொணருமுன், ‘இதனால் என் மாணாக்கன் செய்யப்போவது யாது?’ என்று தம்மைக் கேட்டுக்கொள்வாராக. விடை ‘பார்ப்பான்’ என்பதாயின், இன்னும் ஒரு வினாவை ஆயத்தம் செய்க. மாணவ நண்பர்களே, திரையைத் தொடுமுன் உங்கள் துணிபை ஒரு வரி எழுதுங்கள். தொட்டபின் அது ஏன் மெய்த்தது அல்லது பொய்த்தது என்று மற்றொரு வரி எழுதுங்கள். பின்னர் அதனைத் தோழனொருவனுக்கு விளக்குங்கள். பழைய மாணவராகிய பெரியோர் நம் கல்லூரிக்குக் கணினிகளை வழங்க முன்வருவது பாராட்டற்குரியது. வீட்டில் கருவியில்லாத மாணாக்கர்க்காகக் கணினி அறை மாலையிலும் திறந்திருப்பதற்கும், அங்கே அவர்க்கு வழிகாட்ட ஒருவர் அமர்ந்திருப்பதற்கும் உதவுவார்களாயின் அக்கொடை இரட்டிப்பாகும்.

கருவிகள் இனியும் மாறும். இன்று புதியது நாளை பழையதாகும். அவற்றுள் எதனை ஏற்பது, எதனை விடுப்பது என்னும் ஐயம் நேருந்தோறும், கற்பவனது கையும் கருத்தும் அதனால் வேலை பெறுகின்றனவா என்று நோக்குவோமாக. வேலை பெறுமாயின் மணலும் போதும். பெறாதாயின் விலையுயர்ந்த கணினியும் வீண்.